தணலில் வாட்டிய பீச், உறைந்த மார்கரிட்டா

தணலில் வாட்டிய பீச் பழத்தைச் சூடு ஆறுவதற்கு முன்பே ஐஸ் கட்டிகளோடு சேர்த்து அரைத்தால் என்ன கிடைக்கும் என்பதை, மூன்று கோடைகளுக்கு முன்பு, எட்டு விருந்தினர்கள் வெறும் கோப்பைகளோடு காத்திருந்த ஒரு சனிக்கிழமை மாலையில் கற்றுக்கொண்டேன். கிடைத்தது, டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவோடு எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குழைவாக அரைக்கும் உறைந்த மார்கரிட்டா அல்ல. லேசாகப் புகை மணத்த, வெளிறிய ஆரஞ்சு நிறத்து நீர்த்த சாறு. பழத்தின் சூடு ஐஸைக் கரைத்தது. கரைந்த நீர் பழத்தின் சுவையைக் கெடுத்தது. வந்தவர்கள் நல்ல மனிதர்கள் என்பதால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்து முடித்தார்கள். இரண்டாவது கோப்பையை ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் இந்தப் பானத்தைப் பலமுறை செய்து, பலமுறை கெடுத்து, இப்போது ஓரளவு நம்பிக்கையோடு எழுதும் நிலைக்கு வந்திருக்கிறேன். நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: அடுப்புக்கும் பிளெண்டருக்கும் நடுவே ஓர் இரவு முழுவதும் பழம் ஃபிரீசரில் இருந்தாக வேண்டும். ஐஸின் வேலையைப் பழமே செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், எவ்வளவு நல்ல பழமும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டெக்கீலாவும் நம்மைக் காப்பாற்றாது.

நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில். உறைந்த மார்கரிட்டாவைப் பலரும் மெக்சிகோவிலிருந்து அப்படியே வந்த பானம் என்று நினைக்கிறார்கள். மார்கரிட்டாவுக்கு மெக்சிகோ உரிமை கொண்டாடலாம். ஆனால் அதை ஓர் இயந்திரத்துக்குள் குழைவாக உறையவைத்து, பிடியை இழுத்துக் கோப்பையில் இறக்கும் வழக்கம் தொடங்கியது இந்த ஊரில்தான். டெக்சஸ் உணவகங்களில் டெக்கீலா போன்ற கடும் மதுவைக் கோப்பைக் கணக்கில் விற்பதற்கான தடை 1970-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான் நீங்கியது. அடுத்த ஆண்டே டாலஸில் உணவகம் திறந்த மரியானோ மார்டினெஸ், தன் தந்தையின் செய்முறைப்படி பிளெண்டரில் மார்கரிட்டா அரைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கூட்டம் கூடக்கூட அரைப்பவர்கள் களைத்துப்போனார்கள். ஒரு கோப்பை ஒரு மாதிரியும் அடுத்த கோப்பை வேறு மாதிரியுமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். செவன் இலெவன் கடையில், இனிப்புப் பானத்தைக் குழைவாக உறையவைத்துத் தரும் ஸ்லர்ப்பி இயந்திரத்தைப் பார்த்தபோது மார்டினெஸுக்கு வழி பிறந்தது. மென்மையான ஐஸ்கிரீம் பிழியும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, அதை மார்கரிட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். 1971-ல் ஓடத் தொடங்கிய அந்த இயந்திரம் 2005-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால்தான் இன்று அமெரிக்கா முழுவதும் உணவக மேடைகளில் அது சுழன்றுகொண்டிருக்கிறது.

அந்த இயந்திரத்தை நான் சும்மா நினைவுகூரவில்லை. அதற்குள் சுழலும் கலவை கல்லாக உறையாமலும் நீராக ஓடாமலும் நடுவில் நிற்பதற்குச் சர்க்கரையும் மதுசாரமும் ஒன்றுக்கொன்று பொருந்திய அளவில் இருக்க வேண்டும். இரண்டுமே நீரின் உறைநிலையைக் கீழே இறக்குபவை. வீட்டில் பிளெண்டர் வைத்துச் செய்பவருக்கும் இதே கணக்குதான். என்ன, நம்மிடம் குளிரூட்டிக்கொண்டே சுழற்றும் உருளை இல்லை என்பதால், குளிர் முழுவதையும் முன்கூட்டியே பழத்துக்குள் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் நெருப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புகை வாசனைக்காக என்பதுதான் பொதுவான பதில்; என் அனுபவத்தில் அது இரண்டாம்பட்சம். குளிர், நாவின் இனிப்புணர்வை மங்கச் செய்துவிடும். உருகிப்போன ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உறைந்திருந்தபோது அளவாக இருந்த இனிப்பு, உருகியதும் திகட்டுகிறது. ஆகவே உறைந்த பானத்துக்குள் போகும் பழம், கையில் வைத்துச் சாப்பிடும் பழத்தைவிட அழுத்தமான சுவையோடு இருக்க வேண்டும். பீச் பழத்தில் ஏறக்குறைய 88 சதவீதம் நீர்தான். தணலில் வாட்டும்போது அந்த நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சும் சாறு செறிவடைகிறது; வெட்டிய பக்கத்தில் உள்ள சர்க்கரை பழுப்பேறி, பச்சைப் பழத்தில் இல்லாத ஒரு மெல்லிய கசப்பையும் பாகு காய்ச்சும் மணத்தையும் கொண்டுவருகிறது. குளிரிலும் மங்காமல் நிற்பது அந்தக் கசப்புதான். சர்க்கரையை மட்டும் கூட்டினால் பானம் இனிக்கும், அவ்வளவுதான். அதில் பீச் பழத்தைத் தேட வேண்டியிருக்கும்.

பழத்தை எங்கள் வீட்டில் ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே உள்ள வெதர்ஃபோர்ட் பக்கம் போய் வாங்குகிறோம். டெக்சஸ் பீச் என்றால் ஃபிரெடரிக்ஸ்பர்க், ஸ்டோன்வால் ஊர்களுக்குத்தான் பெயர் அதிகம். ஆனால் அவ்வளவு தொலைவு பழத்துக்காக வண்டி ஓட்ட எனக்குப் பொறுமை இல்லை. வெதர்ஃபோர்டில் ஜூலை மாதம் பீச் திருவிழாவே நடக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டுச் சாலையோரக் கடைகளில் வாங்கலாம். பீச் மரத்துக்குக் குளிர்காலத்தில் போதிய குளிரும் வேண்டும், பூத்த பிறகு பனி பெய்யாமலும் இருக்க வேண்டும் என்பதால், டெக்சஸில் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி விளைவதில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டில் விலை ஏறிவிடும். பேரம் பேசிப் பயனில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பருவத்தின் தொடக்கத்தில் வரும் வகைகளில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாகப் பிளந்து திருகினால் பழம் நசுங்குமே தவிரக் கொட்டை வராது. ஜூன் பாதிக்கு மேல் வரும் வகைகளில் கொட்டை தானாகக் கழன்று கையில் விழும். வாட்டுவதற்கு இரண்டாவது வகைதான் வேண்டும், ஏனென்றால் வெட்டிய முகம் சமமாக இருந்தால்தான் கம்பியில் படிந்து நிறமேறும். பழம் கனிந்திருக்க வேண்டும், ஆனால் குழைந்திருக்கக் கூடாது. காம்புப் பக்கத்தைக் கட்டைவிரலால் தொட்டால் சற்றே அமுங்கி, மூக்கருகே கொண்டுபோகும்போது மணம் வந்தால் போதும். கல் போன்ற பழம்தான் கிடைத்தது என்றால், காகிதப் பையில் மடித்து இரண்டு நாள் சமையலறையில் வைத்துவிடுங்கள்.

இனி கரி. இங்கே பழைய ஆட்கள் மெஸ்கீட் மரக்கரியைத்தான் நம்புகிறார்கள். போன ஆண்டு அப்பா எங்களோடு மூன்று மாதம் வந்து தங்கியிருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் கொல்லைப்புறத்தில் கரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வெளியே வந்து, மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நம்ம ஊரு வேலிக்கருவைக் கரியில்ல?" என்று கேட்டார். இல்லை அப்பா, இது இங்கே வளரும் மரம் என்றேன். பிறகு தேடிப் பார்த்தால், அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. டெக்சஸின் மெஸ்கீட்டும், நம் ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டு எரிக்கப்படும் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பத்து நெருங்கிய உறவு மரங்கள். நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். முள் முதல் நெற்று வரை ஒரே சாயல். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும் அந்த மணத்தை நான் அடையாளம் காணவில்லை. அவருக்கு ஒரு துண்டுக் கரி போதுமாக இருந்தது.

மெஸ்கீட் கரி மிகுந்த சூட்டோடு எரியும்; தொடக்கத்தில் பொறி பறக்கும், புகையும் காரமாக இருக்கும். இறைச்சிக்கு அது பொருந்தலாம், பழத்துக்குப் பொருந்தாது. ஆகவே கரி முழுவதும் கனன்று, மேலே வெண்சாம்பல் பூத்து, புகை அடங்கிய பிறகுதான் பழத்தை வைக்க வேண்டும். நன்றாகப் பிடித்த கங்குக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். பற்றவைப்பதற்கு மண்ணெண்ணெய் போன்ற திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அந்தத் திரவத்தில் ஊறிய கரி கடையில் மூட்டையாகவே விற்கிறது, அதையும் வாங்காதீர்கள். ஒருமுறை அவசரத்துக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, பெட்ரோல் பங்க் மணத்தோடு ஒரு தட்டு பழத்தைக் குப்பையில் கொட்டினேன். கோழி இறைச்சியில் மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ளும் அந்த வாடை, பழத்தில் ஒளிய இடமில்லாமல் முன்னால் வந்து நிற்கும். கரியைத் தகரக் குழாய் போன்ற பற்றவைப்பானில் நிரப்பி, அடியில் இரண்டு செய்தித்தாள்களைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால் வேலை முடிந்தது.

பழத்தை வரிக்கோட்டின் வழியே சுற்றிலும் கீறி, இரு பாதியையும் எதிரெதிராகத் திருகிப் பிரித்து, கொட்டையை நீக்கிவிடுங்கள். தோலை இப்போது உரிக்க வேண்டாம். அதுதான் பழம் தணலில் உருக்குலையாமல் பிடித்து வைத்திருக்கும் உறை. வெட்டிய முகத்தில் வாசமில்லாத எண்ணெயைத் தூரிகையால் மிக மெல்லியதாகத் தடவினால் போதும். தேனோ சர்க்கரையோ தடவச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு; அவை கம்பியில் ஒட்டிக் கருகி, பழம் நிறமேறுவதற்கு முன்பே கரிக்கசப்பைத் தந்துவிடுகின்றன என்பது என் கருத்து. கம்பி வலை நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் நீட்டினால் மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும்; அதுவே எனக்கு வெப்பமானி.

வெட்டிய முகம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, நான்கு நிமிடம் தொடாமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. தோசை வேகும் முன் கரண்டியைக் கொடுத்துப் பிய்ப்பவர்களுக்கு நேர்வதுதான் இங்கேயும் நேரும்: சதை கம்பியில் தங்கிவிடும், கையில் தோல் வரும். நிறமேறிய பழம் தானாகவே கம்பியை விடும். விடவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். திருப்பிப் போட்டு, தோல் பக்கம் மூன்று நிமிடம். இப்போது கொட்டை இருந்த குழியில் சாறு ஊறி நிற்கும். அதைச் சிந்தாமல் இடுக்கியால் தூக்கித் தட்டில் வையுங்கள். முகத்தில் கம்பியின் கோடுகள் ஆழ்ந்த பழுப்பில் இருக்க வேண்டும். கறுத்திருந்தால் அந்த இடத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிடுங்கள், பரிதாபப்பட வேண்டாம். குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைந்து கேட்கும்போது கருகலின் கசப்பு இன்னும் உரக்கக் கேட்கும்.

விருந்தினர்களில் எவராவது ஒருவர் இந்தக் கட்டத்தில் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையிடம் முருகன் கேட்ட கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. நானும் சிரிக்காமல் இருந்ததில்லை. அப்பா மட்டும் அதைக் கேட்காமல், சிறுவயதில் பனம்பழத்தைத் தணலில் புரட்டிப் புரட்டிச் சுட்டு, நாரை முகமெல்லாம் அப்பிக்கொண்டு உறிஞ்சியதைச் சொன்னார். பழத்தைச் சுடுவது டெக்சஸ்காரர்களின் புதுமை என்று இனி நான் யாரிடமும் சொல்ல முடியாது.

சூடு ஆறியதும் தோலை விரலால் இழுத்தால் முழுசாக உரிந்துவிடும். பாதியை நான்காக நறுக்கி, வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, பாதி எலுமிச்சம்பழச் சாற்றைத் தெளித்து ஃபிரீசரில் வைக்க வேண்டும். ஒட்டினால் என்ன என்று ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தேன். மறுநாள் செங்கல் அளவுக்கு ஒரு பாளம் கிடைத்தது, அதை உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. தட்டில் வடிந்திருக்கும் சாற்றைக் கொட்டிவிடாமல் ஐஸ் அச்சில் ஊற்றிவிடுங்கள். இந்தப் பானத்திலேயே அதிகச் சுவையுள்ள பகுதி அதுதான். வீட்டு ஃபிரீசர் பொதுவாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. அந்தக் குளிரில் எட்டு மணி நேரம் போதும். நான் வெள்ளிக்கிழமை மாலை வாட்டி, சனிக்கிழமை மாலை அரைக்கிறேன். டெக்கீலா போத்தலையும் கூடவே உள்ளே வைத்துவிடலாம். 40 சதவீத மதுசாரம் உள்ள எதுவும் அந்தக் குளிரில் உறையாது, ஆனால் பழத்தின் குளிரைத் திருடாத அளவுக்குச் சில்லிட்டிருக்கும்.

ஒரு கிலோ பழம் வாங்கினால், கொட்டை, தோல், தணலில் போகும் நீர் எல்லாம் கழித்து எனக்கு 700 கிராம் அளவுக்குத் தேறுகிறது. அதில் 100 கிராம் சமைப்பவரின் பங்கு. மீதி 600 கிராம் உறைந்த துண்டுகளுக்கு 180 மில்லி வெள்ளை டெக்கீலா, 60 மில்லி ஆரஞ்சுத்தோல் மணமுள்ள மதுபானம், 90 மில்லி எலுமிச்சைச் சாறு, 40 மில்லி அகேவ் கற்றாழைப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு, 150 கிராம் ஐஸ். அச்சில் உறைந்த சாற்றுக் கட்டிகளையும் இந்த ஐஸ் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குக் கோப்பைக்கு 180 மில்லிக்குக் குறையாமல் வரும். மொத்தக் கலவையில் மதுசாரம் ஒன்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். இரண்டாம் ஆண்டு நான் செய்த தவறு அதில்தான் இருக்கிறது. விருந்து என்றால் தாராளமாக இருக்க வேண்டும் என்று எண்ணி 180 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 400 மில்லி ஊற்றினேன். மதுசாரம் ஏறத்தாழ 14 சதவீதத்துக்குப் போய்விட்டது. எவ்வளவு அரைத்தும், மேலும் மேலும் ஐஸ் சேர்த்தும் கலவை குழையவே இல்லை. பழம் சரியாக இருந்தது, வரிசை சரியாக இருந்தது, குளிரும் போதுமான அளவு இருந்தது, மதுசாரம் உறையவிடவில்லை. காரம் வேண்டும் என்பவருக்குக் கோப்பையின் மேல் ஒரு கரண்டி டெக்கீலாவைத் தனியாக ஊற்றிக் கொடுப்பதே நல்லது. அதோடு, உறைந்த பானத்தில் குளிர் மதுவின் எரிப்பை மறைத்துவிடுவதால் குடிப்பவர் அளவை மறந்துவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டப்போகிறவருக்கு இதைக் கொடுப்பதில்லை.

எலுமிச்சையைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே கடைகளில் பெரியதாக, விதையில்லாமல், பச்சையாக இருப்பது வேறு வகை. சாறு அதிகம், மணம் குறைவு. கீ லைம் என்ற பெயரில் வலைப்பையில் விற்கும் சிறிய, விதையுள்ள பழம்தான் நம் ஊர் எலுமிச்சைக்கு நெருக்கமானது. பத்துப் பழம் பிழிய அலுப்பாக இருக்கும், இருந்தாலும் பிழிகிறேன். டெக்கீலா, அகேவ் என்ற கற்றாழையின் நடுக்கிழங்கை அடுப்பில் அவித்து எடுக்கும் சாற்றிலிருந்து வருவது. வேலியோரம் நிற்கும் நம் ஆனைக்கற்றாழையும் அதே இனம். இலைகளைச் செதுக்கிய கிழங்கு அன்னாசிப் பழம்போல இருப்பதால், அன்னாசிக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயராலேயே அதை பின்யா என்கிறார்கள். நிலத்தில் குழி வெட்டி, விறகும் கல்லும் இட்டு அந்தக் கிழங்கைச் சுட்டு எடுத்தால் கிடைப்பது மெஸ்கால். அதில் புகைமணம் இயல்பாகவே இருக்கும். 180 மில்லி டெக்கீலாவில் 30 மில்லியை மட்டும் மெஸ்காலாக மாற்றிப் பாருங்கள், அடுப்பின் மணம் ஒரு படி கூடும். முழுவதையும் மாற்றினால் பீச் காணாமல் போய்விடும்.

அரைப்பதில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஊரிலிருந்து மெனக்கெட்டுக் கொண்டுவந்த மிக்ஸி இட்லி மாவுக்கும் சட்னிக்கும் இணையற்றது. ஆனால் குறுகிய ஜாரில் அதன் வேகம் சீக்கிரமே சூட்டைக் கிளப்பிவிடுவதால், உறைந்த பழம் அடியில் உருகி மேலே கட்டியாகவே நிற்கிறது. அகன்ற வாயும் கனமான மோட்டாரும் உள்ள பிளெண்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மிக்ஸியிலேயே, ஒரு தடவைக்கு இரண்டு கோப்பையாக, பல்ஸில் விட்டுவிட்டு அரைக்கலாம். எதுவானாலும் திரவங்கள் முதலில், பிறகு பழம், கடைசியாக ஐஸ். தாழ்ந்த வேகத்தில் தொடங்கி, துண்டுகள் உடைந்ததும் வேகத்தைக் கூட்டி, மொத்தம் நாற்பது வினாடிக்குள் நிறுத்திவிடுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு இரண்டு மூன்று வினாடி நின்று மெல்ல மூட வேண்டும். உடனே மூடினால் ஐஸ் குறைவு; மூடவே இல்லை என்றால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு சுற்றுச் சுற்றலாம்.

கோப்பையின் விளிம்பில் வெறும் உப்பைவிட உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து தொட்டு வைப்பது பீச்சுக்குப் பொருந்துகிறது. மெக்சிகோக்காரர்கள் மிளகாய், எலுமிச்சை, உப்பு மூன்றும் சேர்ந்த தஹீன் என்ற தூளைப் பழத்தின் மேல் தூவித்தான் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் கீறிய மாங்காயில் அதே மூன்றையும் தடவித் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளிம்பு முழுவதும் தடவாமல் பாதி மட்டும் தடவுங்கள். வேண்டாதவர் கோப்பையைத் திருப்பிக்கொள்ளலாம். கோப்பைகளும் அரை மணி நேரம் ஃபிரீசரில் இருந்திருந்தால் நல்லது. வெளியே 38 டிகிரி வெயிலில் சாதாரணக் கோப்பையில் இந்தப் பானத்தின் ஆயுள் பத்து நிமிடம்.

வேறு பழங்களிலும் முயன்றிருக்கிறேன். அன்னாசி மிக எளிது. தடித்த வில்லைகளாக வெட்டி எவ்வளவு வாட்டினாலும் உருக்குலையாது, பச்சை அன்னாசி நாக்கைக் கடிப்பதற்குக் காரணமான நொதியும் சூட்டில் செயலிழந்துவிடும். முதல்முறை செய்பவர்கள் அதிலேயே தொடங்கலாம். மாம்பழம் வாட்டினால் நன்றாக இருக்கிறது, ஆனால் நல்ல மாம்பழத்தை நெருப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தர்பூசணி வேண்டாம், வாட்ட வாட்ட நீர் வடிந்து, கடைசியில் வெள்ளரிக்காய்ப் பச்சடி மணத்தோடு ஒரு சக்கை மிஞ்சியது.

மது இல்லாமல் செய்வது தனிக் கணக்கு. டெக்கீலாவை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால், உறைவதைத் தடுக்க மதுசாரம் இல்லாததால் கலவை பிளெண்டரிலேயே இறுகிச் சிமென்ட் போல நின்றுவிடும். நான் 600 கிராம் பழத்துக்கு 200 மில்லி ஆரஞ்சுச் சாறு, 60 மில்லி எலுமிச்சைச் சாறு, 60 மில்லி பாகு சேர்த்து, ஐஸைப் பாதியாகக் குறைத்து, பழத்தை ஃபிரீசரிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து அரைக்கிறேன். உப்புச் சிட்டிகை இதிலும் உண்டு. கலவைகள் மாறிவிடாமல் இருக்க, மது இல்லாததைச் செவ்வக டம்ளரிலும் மற்றதைக் காம்பு வைத்த கோப்பையிலும் ஊற்றுவது எங்கள் வழக்கம்.

அப்பாவுக்கு மகள் மது கலந்து விருந்தினர்களுக்குக் கொடுப்பதில் உடன்பாடு இல்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. கரியை ஊதிக் கொடுத்தார், பழத்தைத் திருப்பிப் போட்டார், விருந்தினர் வந்ததும் டம்ளரோடு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது ஃபிரீசர் திறந்திருந்தது. குறைந்திருந்தது மது இல்லாத டப்பாதான் என்பதை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டேன். இறுகியிருந்ததை முள்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தார். இனிப்பு சற்றுத் தூக்கல், அடுத்த முறை பாகைக் குறைத்துவிடு என்றார். குறைத்திருக்கிறேன், மேலே நான் எழுதியிருக்கும் 60 மில்லி, அவர் சொன்ன பிறகு வந்த அளவு.